மீட்டர் காட்டும் அளவும் காது கேட்கும் அளவும்



கொஞ்ச நாளாக ஒரே கேள்வி பல பக்கத்திலிருந்தும் வருகிறது. "சார், கம்ப்யூட்டரில் ரெக்கார்ட் பண்ணிக் கேட்கும்போது சரியாக இருக்கிறது. ஃபைலாக எக்ஸ்போர்ட் செய்ததும் சத்தம் மாறிவிடுகிறது. ஏன்?" ஒருவருக்குச் சத்தம் குறைகிறது. இன்னொருவருக்குக் கூடிக் கரகரக்கிறது. சிங்கப்பூரில் இருக்கும் நம் பழைய மாணவர் ஒருவர் பஜனைப் பாட்டுக்குக் குரல், ஆர்மோனியம், ஜால்ரா மூன்றையும் தனித்தனி டிராக்காகப் பதிவு செய்து, தனித்தனி ஃபைலாக நண்பருக்கு அனுப்பியிருக்கிறார். அங்கே திறந்து பார்த்தால் ஜால்ரா குரலை அமுக்கிக்கொண்டு ஒலிக்கிறதாம்.

முப்பது வருடத்துக்கு மேல் இயற்பியல் நடத்தியவனுக்கு இப்படி ஒரு கேள்வி வந்தால் பாடம் எடுக்காமல் இருக்க முடியுமா? பதிவு நீளம்தான். காபியோடு உட்கார்ந்து படியுங்கள்.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். மென்பொருள் எதையும் தன் இஷ்டத்துக்குச் செய்வதில்லை. தொலைபேசிக்காரர்கள், சினிமாக்காரர்கள், வானொலிக்காரர்கள், இசைத்தட்டுக்காரர்கள் எல்லோரும் ஏறத்தாழ நூறு வருடமாக "சத்தம் என்றால் எவ்வளவு?" என்று சண்டை போட்டு எடுத்த முடிவுகள் அதற்குள் பொத்தான்களாக உட்கார்ந்திருக்கின்றன. சில பொத்தான்கள் நாம் தொடாமலே அமுங்கியிருக்கும். எந்தக் காலத்து முடிவு நம் ஃபைலில் வேலை செய்தது என்று தெரிந்தால் கோளாறு பிடிபட்டுவிடும்.

தொலைபேசிக் கம்பியில் பிறந்த அளவு

அமெரிக்காவில் தொலைபேசிக் கம்பி ஊர் விட்டு ஊர் நீண்டபோது குரல் தேய்ந்தது. எவ்வளவு தேய்ந்தது என்று சொல்ல, "இத்தனை மைல் கம்பி அளவு" என்று ஒரு கணக்கு வைத்திருந்தார்கள். 1920-களில் பெல் நிறுவனப் பொறியாளர்கள் அதைச் சீர்படுத்தினார்கள். 1928-இல் அலெக்சாண்டர் கிரகாம் பெல் நினைவாக அந்த அளவுக்கு டெசிபல் என்று பெயர் வைத்தார்கள்.

டெசிபல் ஒரு விகிதம். எதோடு ஒப்பிடுகிறோம் என்று சொல்லாவிட்டால் அதற்குப் பொருள் இல்லை. அலையின் உயரம் இரண்டு மடங்கானால் 6 டெசிபல் கூடும். ஆற்றல் இரண்டு மடங்கானால் 3 டெசிபல். ஆனால் காதுக்கு "இரண்டு மடங்கு சத்தம்" என்று தோன்ற ஏறத்தாழ 10 டெசிபல் வேண்டும். கருவிக்கு ஒரு கணக்கு, காதுக்கு ஒரு கணக்கு.

1933-இல் அதே பெல் ஆய்வகத்தில் ஹார்வி பிளெட்சர், வில்டன் மன்சன் இருவரும் இதைச் சோதித்து வரைபடமாகவே போட்டார்கள். 3000, 4000 ஹெர்ட்ஸ் பக்கம் நம் காது மிகக் கூர்மை. கீழ்ஸ்தாயிக்கு மந்தம், அதிலும் சத்தம் குறைவாக இருந்தால் இன்னும் மந்தம். மிக்சிங்கை ஹெட்போனில் பலமாகக் கேட்டுவிட்டு, அதே ஃபைலைப் போனில் மெல்ல வைத்துக் கேட்டால் மிருதங்கத்தின் தொப்பி காணாமல் போவது இதனால்தான். ஃபைலில் குறை ஒன்றும் இல்லை.

இரண்டு விதமான மீட்டர்

வானொலி வளர்ந்தபோது நிலையங்களுக்குள் ஒலியளவை ஒரே மாதிரி வைக்க ஒரு கருவி தேவைப்பட்டது. அமெரிக்காவில் பெல் ஆய்வகமும் சி.பி.எஸ்., என்.பி.சி. வானொலி நிறுவனங்களும் சேர்ந்து 1939-இல் வி.யூ. மீட்டரைக் கொண்டுவந்தன. பழைய டேப் ரெக்கார்டரில் ஊசி ஆடுமே, அதுதான். அந்த ஊசி நிதானமாக ஏறும், ஏறத்தாழ 300 மில்லி விநாடி எடுக்கும். ஆகவே அது காட்டுவது சராசரி. சட்டென்று விழும் ஒரு அடியை அது பிடிக்காது. அதே 1930-களில் பிரிட்டனில் பி.பி.சி. வேறு வழியில் போய், உச்சத்தைப் பிடிக்கும் மீட்டரை வைத்துக்கொண்டது.

இந்த இரண்டு குடும்பத்தையும் நினைவில் வையுங்கள். ஒன்று உச்சம் பார்ப்பது, மற்றது சராசரி பார்ப்பது. ஜால்ரா ஒரு தட்டில் உச்சத்தைத் தொட்டுவிட்டு அடங்கிவிடும். தம்பூரா உச்சத்துக்குப் போகவே போகாது, ஆனால் விடாமல் ஒலிக்கும். எது அதிக சத்தம்? எந்த மீட்டரைக் கேட்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது.

இடம், வலம், நடு

1931-இல் ஆலன் பிளம்லீன் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் ஸ்டீரியோவுக்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார். 1940-இல் வால்ட் டிஸ்னியின் "ஃபேன்டேசியா" படத்துக்காக, ஒலியைத் திரையின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு நகர்த்தும் கருவியைச் செய்தார்கள். இன்றைய மென்பொருளில் "பேன்" என்று இருக்கும் குமிழுக்கு அது பாட்டன்.

இதில் ஒரு சிக்கல். ஒரே குரலை இரண்டு ஸ்பீக்கரிலும் முழு அளவில் விட்டால் நடுவில் சத்தம் கூடிவிடும். அதனால் குமிழ் நடுவில் இருக்கும்போது ஒவ்வொரு பக்கத்தையும் 3 டெசிபல் குறைப்பது ஒரு வழக்கம். சிலர் 6 குறைப்பார்கள், சிலர் குறைப்பதே இல்லை. மென்பொருளுக்கு மென்பொருள் இது மாறும். மோனோ குரலை ஸ்டீரியோ ஃபைலாகவோ, ஸ்டீரியோவை மோனோவாகவோ எக்ஸ்போர்ட் செய்யும்போது இந்த வழக்கம் தலைகாட்டும். வித்தியாசம் சொல்லிவைத்தாற்போல் 3 அல்லது 6 டெசிபல் என்றால் முதலில் இதைச் சந்தேகப்படுங்கள்.

உடையாத கூரை

இசைத்தட்டில் சத்தத்துக்கு இயற்கையே எல்லை போட்டிருந்தது. பலமான ஒலிக்குப் பள்ளம் அகலமாக வேண்டும். பள்ளம் அகலமானால் ஒரு பக்கத்தில் அடங்கும் நேரம் குறையும், ஊசியும் குதிக்கும். நாடாவில் எல்லை மீறினால் ஒலி மெல்ல மெல்லக் கெடும்.

1982-இல் சி.டி. விற்பனைக்கு வந்தது. விநாடிக்கு 44,100 அளவுகள், ஒவ்வொன்றும் 65,536 படிகளில் ஒன்று. கடைசிப் படிக்கு மேல் படி கிடையாது. அதைத்தான் 0 டெசிபல் என்கிறோம். அதைத் தாண்டும் அலையின் தலை வெட்டப்படும். கரகரப்பு அதன் விளைவு.

இன்றைய மென்பொருள்கள் பலவும் உள்ளுக்குள் 32 பிட் மிதவைப் புள்ளிக் கணக்கில் வேலை செய்கின்றன. அங்கே 0-வைத் தாண்டினாலும் எண் அழியாது. பத்து டிராக் சேர்ந்தால் கூட்டுத்தொகை ஏறத்தான் செய்யும். 16 பிட் வேவ் ஃபைலாக இறக்கும்போதுதான் கூரை இடிக்கும். எக்ஸ்போர்ட் செய்தபின் கரகரத்தால், தனித்தனி டிராக்கைப் பார்க்காமல் எல்லாம் சேரும் கடைசி மீட்டரைப் பாருங்கள்.

சத்தப் போர்

கூரை எல்லோருக்கும் ஒன்று என்றால், அடுத்தவன் பாட்டைவிட என் பாட்டு பெரிதாகக் கேட்க என்ன வழி? உச்சத்தை அமுக்கிவிட்டு, மெல்லிய இடங்களைத் தூக்கிவிடுவது. 1990-களில் கணினி லிமிட்டர்கள் வந்ததும் இது போட்டியாகவே மாறியது. 2008-இல் மெட்டாலிகா குழுவின் "டெத் மேக்னடிக்" ஆல்பம் வந்தபோது ரசிகர்களே கொதித்தார்கள். அதே பாடல்கள் "கிட்டார் ஹீரோ" என்ற வீடியோ விளையாட்டில் அவ்வளவு நசுக்கப்படாமல் வந்திருந்தன. இரண்டையும் பக்கத்தில் வைத்துக் கேட்டவர்கள், ஆல்பத்தைத் திருத்தித் தரச் சொல்லிக் கையெழுத்து இயக்கமே நடத்தினார்கள்.

தொலைக்காட்சியிலும் இதே கதைதான். நாடகத்தில் அழுதுகொண்டிருக்கும்போது திடீரென்று சோப்பு விளம்பரம் அலறும், ரிமோட்டைத் தேடி ஓடுவோம். உச்சத்தை மட்டும் அளந்தால் இரண்டும் ஒரே அளவு. காதுக்கு அப்படி இல்லை.

சமாதான ஒப்பந்தம்

2001-இல் டேவிட் ராபின்சன் என்பவர் ரீப்ளேகெயின் என்ற முறையை முன்வைத்தார். பாட்டைத் தொடாமல், "இதை இவ்வளவு குறைத்து ஒலிபரப்பு" என்று ஒரு குறிப்பை மட்டும் ஃபைலோடு எழுதிவைப்பது அது. 2006-இல் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் காதின் இயல்பையும் கணக்கில் எடுக்கும் ஓர் அளவுமுறையை வெளியிட்டது. 2010-இல் ஐரோப்பிய ஒலிபரப்பு ஒன்றியம் அதை வைத்து, நிகழ்ச்சியின் சராசரி உரப்பு மைனஸ் 23 எல்.யூ.எஃப்.எஸ். இருக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. அதே ஆண்டு டிசம்பரில் அமெரிக்காவில் விளம்பரங்களின் அலறலைத் தடுக்கச் சட்டமே கையெழுத்தானது. 2012 டிசம்பரில் அது அமலுக்கு வந்தது.

இன்று ஸ்பாட்டிஃபை போன்ற தளங்களும் இந்த முறையில்தான் பாட்டுகளைச் சமன் செய்கின்றன. ஸ்பாட்டிஃபையின் வழக்கமான அளவு மைனஸ் 14. இன்னும் நசுக்கி அனுப்பினால் அவர்களே குறைத்துவிடுவார்கள். நசுக்கியது மட்டும் மிச்சம்.

எம்.பி.3-யையும் சொல்லிவிடுகிறேன். காதுக்கு எட்டாத நுணுக்கங்களைக் கழித்து ஃபைலைச் சுருக்குவதால் அலையின் வடிவம் சற்று மாறும், உச்சம் சற்று ஏறவும் கூடும். அதனால்தான் உச்சத்தை 0 வரை கொண்டுபோகாமல் 1 டெசிபலாவது இடம் விடச் சொல்கிறார்கள்.

இனி உங்கள் ஃபைலுக்கு வருவோம்

ஒன்று: எக்ஸ்போர்ட் செய்த ஃபைலை அதே மென்பொருளில் திரும்ப ஏற்றி, முன்னதோடு சேர்த்துப் பாருங்கள். அங்கே இரண்டும் ஒன்றாக இருந்தால் ஃபைல் சரி. கேட்கும் ஆப்தான் தானாகச் சமன் செய்கிறது. அதன் செட்டிங்கில் போய் அணையுங்கள்.

இரண்டு: சந்தேகம் இருந்தால் நம் பதினொன்றாம் வகுப்புக் குறுக்கீட்டுப் பாடத்தை நினைத்துக்கொள்ளுங்கள். வேவ் ஃபைலாக எடுத்து, முன்னதோடு ஓர் இம்மிகூடப் பிசகாமல் ஒரே நேரத்தில் தொடங்கும்படி வைத்து, ஒன்றைத் தலைகீழாக்கி, இரண்டையும் சேர்த்து ஒலிக்க விடுங்கள். அமைதி வந்தால் இரண்டும் ஒன்றே. மிச்சம் ஏதாவது கேட்டால் அதுதான் மாற்றம்.

மூன்று: எக்ஸ்போர்ட் பெட்டியில் "நார்மலைஸ்" என்று இருக்கிறதா பாருங்கள். ஃபைலின் உச்சத்தைக் கூரை வரை தூக்குவது அது. சில மென்பொருள்களில் செட்டிங்குக்குள் ஒளிந்திருக்கும். சிங்கப்பூர் மாணவருக்கு நடந்தது இதுதான். மென்மையாகப் பதிவான ஜால்ராவையும் பலமாகப் பதிவான குரலையும் தனித்தனியே கூரைக்குத் தூக்கினால் இரண்டுக்கும் இருந்த உறவு போய்விடும். அதை அணைத்துவிட்டு மறுபடி அனுப்பினார், சரியாகிவிட்டது.

நான்கு: வித்தியாசம் 3, 6 என்று வந்தால் பேன், மோனோ, ஸ்டீரியோ. கரகரத்தால் கடைசி மீட்டர். மெல்லிய இடமெல்லாம் பெரிதாகிவிட்டால் லிமிட்டர் அல்லது கம்ப்ரசர்.

இந்தக் கடைசி வகையில்தான் அதிக கவனம் வேண்டும். நார்மலைஸ் முழு ஃபைலையும் ஒரே அளவு தூக்குகிறது. அதே அளவு இறக்கினால் பழையபடி ஆகிவிடும். நசுக்கியதையும் தலை வெட்டியதையும் திரும்பப் பெற முடியாது.

எங்கள் பெரியம்மா தாலாட்டுப் பாடினால் முதல் அடி தெருவுக்குக் கேட்கும். குழந்தைக்குக் கண் செருகச் செருகக் குரல் இறங்கிக்கொண்டே வரும். கடைசி அடி பாட்டா மூச்சா என்று தெரியாது. அவர் காலமாவதற்கு முந்தின வருடம் எங்கள் வீட்டுப் பையன் ஒருவன் ஆசையாகப் பதிவு செய்தான். அந்த ஆப் தானாகவே ஒலியைச் சமன் செய்து சேமித்துவிட்டது. அவனுக்கு அது தெரிய வழியில்லை. மூலப் பதிவு பழைய போனோடு போய்விட்டது. இப்போது எங்களிடம் இருக்கும் பதிவில் முதல் அடியும் கடைசி அடியும் ஒரே சத்தம். கடைசியில் மின்விசிறியின் இரைச்சலும் கூடவே எழும்புகிறது. சொற்கள் ஒன்று விடாமல் இருக்கின்றன. அந்தக் குழந்தை எப்போது தூங்கியது என்பது மட்டும் அதில் இல்லை.

ஆகவே தாத்தா பாட்டி குரலைப் பதிவு செய்யும் எல்லோருக்கும் சொல்கிறேன். "ஆட்டோ லெவல்" போன்ற எதுவும் இல்லாமல் வேவ் ஃபைலாக ஒரு பிரதி எடுத்து, இரண்டு இடத்தில் பத்திரப்படுத்துங்கள். சத்தம் குறைவாக இருந்தால் பரவாயில்லை, கேட்கும்போது ஏற்றிக்கொள்ளலாம். வாட்ஸ்அப்புக்கு வேண்டிய அலங்காரமெல்லாம் அதன் நகலில் செய்துகொள்ளுங்கள்.

சந்தேகம் இருந்தால் கீழே எழுதுங்கள். எந்த மென்பொருள், எத்தனை டெசிபல் வித்தியாசம் என்றும் சேர்த்து எழுதினால் நல்லது. "சத்தம் கம்மியா இருக்கு சார்" என்று மட்டும் எழுதினால், எதோடு ஒப்பிட்டு என்று அந்த நாளைப் போலவே திருப்பிக் கேட்பேன்!

அன்புடன்,
உங்கள் இயற்பியல் வாத்தியார்