மூதூரில் ஒரு பக்கம் திறக்க எத்தனை செக்கன்?

கொட்டியாரக் குடாவின் வடக்கே திருகோணமலைத் துறைமுகம். தெற்கே மூதூர், சம்பூர். 2006இல் இடம்பெயர்ந்த சம்பூர் மக்கள் ஏறத்தாழ பத்து ஆண்டுகளின் பின்னரே ஊர் திரும்பத் தொடங்கினர். காணி அறிவித்தல், காணாமல் ஆக்கப்பட்டோர் பற்றிய செய்தி, வெள்ள எச்சரிக்கை, பரீட்சைப் பெறுபேறு என இன்று பலவற்றையும் கைத்தொலைபேசியிலேயே தேட வேண்டியுள்ளது. ஆகவே ஒரு பக்கம் திறக்க எடுக்கும் நேரம் தொழில்நுட்பவியலாளரின் கவலை மட்டுமல்ல.

அந்த நேரத்தை இரண்டு வழிகளில் அளக்கிறார்கள்.

முதலாவது, ஆய்வுகூட அளவீடு. கூகுளின் 'லைட்ஹவுஸ்' கருவி, செக்கனுக்கு 1.6 மெகாபிட் வேகமும் 150 மில்லிசெக்கன் தாமதமும் கொண்ட மெதுவான 4ஜி இணைப்பைப் பாவனை செய்து பக்கத்தைச் சோதிக்கிறது. 3 மெகாபைட் பக்கம் என்பது 24 மெகாபிட். இந்த வேகத்தில் அது முழுமையாக வந்துசேர 15 செக்கன் தேவை. 20 மெகாபிட் வேகமுள்ள அலுவலக வைஃபையில் அதே பக்கத்துக்கு 1.2 செக்கன் போதும்.

இரண்டாவது, கள அளவீடு. குரோம் உலாவியைப் பயன்படுத்துவோரிடமிருந்து 28 நாட்களாகத் திரட்டிய தரவை 'பேஜ்ஸ்பீட் இன்சைட்ஸ்' காட்டும். பக்கத்தின் பிரதான பகுதி 2.5 செக்கனுக்குள் தோன்ற வேண்டும் என்பது அதன் அளவுகோல். 100 வருகைகளில் 75 அதற்குள் அடங்கினால் பச்சை நிறம் கிடைக்கும்.

சிக்கல் மீதி 25இல் இருக்கிறது. தமிழ்த் தளங்களின் வாசகர்கள் ரொறன்ரோ, லண்டன், பாரிஸ் நகரங்களிலும் இருக்கிறார்கள். அவர்களுடைய வேகமான இணைப்புகளே ஒரு தளத்துக்குப் பச்சையைப் பெற்றுக்கொடுத்துவிடலாம். மூதூர் வாசகர் அந்த 25க்குள் மறைந்துபோகலாம். எதுவும் தோன்றுமுன் பொறுமையிழந்து பக்கத்தை மூடியவர் இந்தக் கணக்கில் சேர்வதேயில்லை. கூகுள் வெளியிடும் இத்தரவை நாடுவாரியாகப் பிரித்துப் பார்க்கலாம், மாவட்டவாரியாக முடியாது.

எனவே தளம் நடத்துவோர் மூன்று சோதனைகளைச் செய்யலாம். கணினியில் குரோமின் 'டெவ்டூல்ஸ்' பகுதியைத் திறந்து, இணைப்பை மெதுவான 4ஜிக்கு மாற்றிப் பார்க்கலாம். கள அளவீட்டில் இலங்கையைத் தனியாகப் பிரித்துப் பார்க்கலாம். விலை குறைந்த அண்ட்ரொய்ட் தொலைபேசி வைத்திருக்கும் ஊர் வாசகர் ஒருவரிடம், காலையிலும் இரவிலும் பக்கத்தைத் திறந்து நேரத்தைக் குறித்துத் தருமாறு கேட்கலாம். பக்கம் ஏற்கனவே தொலைபேசியில் சேமிக்கப்பட்டிருந்தால் உடனே திறந்துவிடும் என்பதால், ஒவ்வொரு முறையும் மறைநிலைச் சாளரத்திலேயே திறக்க வேண்டும்.

எழுத்து ஒருபோதும் சுமையல்ல. யுனிகோட் தமிழ்க் குறியீடு ஒன்றுக்கு 3 பைட் வீதம் கணக்கிட்டாலும், ஆயிரம் சொற்கள் கொண்ட கட்டுரை ஏறத்தாழ 30 கிலோபைட்தான். பக்கத்தைக் கனக்கச் செய்பவை பெரிய படங்கள், தானாக ஓடும் காணொளிகள், விளம்பர நிரல்கள். ஒரு பெயர்ப் பட்டியலையோ வெள்ள எச்சரிக்கையையோ இவை எதுவுமின்றி வெறும் எழுத்தாக வெளியிட்டால், பலவீனமான சிக்னலிலும் அது வந்துசேரும். வாசகரின் டேட்டாவும் மிஞ்சும்.