நெய்வேலியில் கரிக்கு அடியில் இருந்த தண்ணி
நெய்வேலின்னா நமக்கு நிலக்கரிதான் ஞாபகம் வரும். ஆனா அந்தக் கதை தண்ணியில ஆரம்பிக்குது. 1930-களின் நடுவில் ஜம்புலிங்க முதலியார் தன் நிலத்தில் ஆழ்துளைக் கிணறு போட்டார். தண்ணியோட கறுப்பா ஏதோ துகளும் வந்துச்சு. அதுதான் பழுப்பு நிலக்கரி.

1956-ல் நிறுவனம் உருவானது. 1957-ல் நேரு சுரங்க வேலையைத் தொடங்கி வைத்தார். மேல்மண்ணை அள்ளிக் கரியைத் தொட 1961 ஆகஸ்ட் ஆயிடுச்சு. மண்ணைவிடப் பெரிய தலைவலி கீழே இருந்தது. கரிக்கு அடியில, கடலூர் மணற்கல் அடுக்கில், பெரிய நீர்த்தாங்கி. அதிலிருந்து மேல்நோக்கி வரும் அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 6 முதல் 8 கிலோ. அதாவது 60, 80 மீட்டர் உயரத்துக்குத் தண்ணியைத் தள்ளுற பலம். மேலே இருந்த மண்ணோட எடைதான் அதை அடக்கி வெச்சிருந்தது. மண்ணை அள்ளிட்டா? சுரங்கத்தோட தரையே பிளந்து வெள்ளம் உள்ளே வந்துடும்.

அதனால சுத்தி ஆழ்துளைக் கிணறுகள் போட்டு, ராத்திரி பகலா தண்ணியை இறைச்சாங்க. இன்னிக்கும் இறைக்கிறாங்க. (நம்ம சர்வர் மாதிரிதான், நிறுத்தவே முடியாது.) அந்தத் தண்ணி அனல்மின் நிலையத்துக்கும் பாசனத்துக்கும் போகுது, உண்மைதான். ஆனா கரியோட அடக்கவிலையில அந்தத் தண்ணியையும் சேர்க்கணும்னு நான் நினைக்கிறேன். ஒரு காலத்துல மோட்டார் இல்லாம தானா பொங்கி வழிஞ்ச கிணறுகள் அந்தப் பக்கம் நிறைய. இப்போ அங்க விவசாயிங்க ஆழமா போர் போட்டு மோட்டார்லதான் இறைக்கிறாங்க.