ஹீட்டர் போட்டதும் கரண்டு போகிறதா?

பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடியோ கிள்ளான் பழைய வீடோ, மழை நாள் காலையில் குளியலறை ஹீட்டரைப் போட்டதும் வீடே இருண்டால், மின்கசிவைக் கண்டு மெயின் பாக்ஸில் உள்ள ஆர்சிசிபி விழுந்திருக்கலாம். அதைத் திரும்பத் திரும்பத் தூக்கிவிடுவதும், விழாமல் டேப் ஒட்டி வைப்பதும் உயிரோடு விளையாடுவது.

ஈரக் கையைத் துடைத்து, ஹீட்டர் சுவிட்சை அணைத்து, ஒருமுறை தூக்கிப் பாருங்கள். நின்றால், கோளாறு பெரும்பாலும் ஹீட்டரில்தான். பழுதைப் பார்க்க எரிசக்தி ஆணையத்தில் பதிவு பெற்ற வயர்மேனையே அழையுங்கள். அதுவரை குளிக்க வெந்நீர் அடுப்பிலேயே வைக்கலாம்.

வயர்மேன் வரும்போது இதையும் கேளுங்கள்: ஈரத் தரையுள்ள இடங்களுக்கு 1994 மின்சார விதிமுறை கேட்பது 10 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி. பழைய வீடுகளில் 100 மட்டுமே இருப்பதுண்டு. ஆளைக் காக்க அது போதாது. மாதம் ஒருமுறை அதன் 'டெஸ்ட்' பொத்தானை அழுத்துங்கள். விழவில்லையென்றால் மாற்ற வேண்டும்.

அக்கம்பக்கமும் இருட்டா? தெனாகா எண் 15454.