கடற்கரை கேரவன் பார்க்: புக் பண்ணும் முன் என்னென்ன பார்க்கணும்? ஆஸ்திரேலிய விடுமுறைக்கான முழு விவரம்

தமிழ்நாட்டில் கேரவன் என்றாலே சினிமா நட்சத்திரங்கள் ஷூட்டிங் இடைவேளையில் ஓய்வெடுக்கும் சொகுசு வண்டிதான் நினைவுக்கு வரும். ஆனால் ஆஸ்திரேலியாவில் கேரவன் பார்க் என்பது சாதாரண நடுத்தரக் குடும்பங்களின் விடுமுறை இடம். அங்கே டிசம்பர், ஜனவரிதான் கோடைக்காலம். பள்ளி விடுமுறையும் கிறிஸ்துமஸும் ஒன்றாக வருவதால் கடற்கரை ஊர்கள் நிரம்பி வழியும்.

2021-ம் ஆண்டு கணக்கெடுப்பின்படி ஆஸ்திரேலியாவில் வீட்டில் தமிழ் பேசுவோர் சுமார் 95 ஆயிரம் பேர். பிள்ளைகளைப் பார்க்க இங்கிருந்து பெற்றோர் கிளம்பிப் போவதும் பெரும்பாலும் இந்த சீசனில்தான். குடும்பத்தோடு கடற்கரைக்குப் போக பிளான் போடும்போது பலர் பார்ப்பது இரண்டே விஷயம்: வாடகை எவ்வளவு, கடல் தெரியுமா? ஆனால் உண்மையில் முதலில் பார்க்க வேண்டியது வேறு.

கேரவன் பார்க் என்றால் என்ன?

கேரவன், மோட்டார்ஹோம், கூடாரம் ஆகியவற்றை நிறுத்தித் தங்குவதற்காகச் சிறு சிறு இடங்களாகப் பிரித்து, எண் போட்டு வாடகைக்கு விடும் வளாகம் இது. ஒவ்வோர் இடத்தையும் 'சைட்' என்பார்கள். பொதுக் குளியலறை, கழிப்பறை, துணி துவைக்கும் இடம், பொதுச் சமையலறை எல்லாம் வளாகத்துக்குள்ளேயே இருக்கும். சில தனியாருடையவை. கடலை ஒட்டியுள்ள பல பார்க்குகள் அரசு நிலத்தில் இருப்பவை.

கேரவன் சொந்தமாக இல்லையே என்று கவலைப்பட வேண்டாம். பெரும்பாலான பார்க்குகளில் 'கேபின்' எனப்படும் சிறிய வீடுகள் உண்டு. மோட்டார்ஹோமை வாடகைக்கு எடுத்தும் போகலாம். நீங்கள் புக் செய்த சைட்டிலேயே கேரவனைக் கொண்டு வந்து நிறுத்தித் தரும் வாடகை நிறுவனங்களும் இருக்கின்றன.

முதலில் பார்க்க வேண்டியது கடலை

2024 ஜனவரி 24 அன்று விக்டோரியா மாநிலத்தின் பிலிப் தீவில், ஃபாரஸ்ட் கேவ்ஸ் கடற்கரையில் இந்திய வம்சாவளியைச் சேர்ந்த 4 பேர் நீரில் மூழ்கி உயிரிழந்தனர். அது உயிர்காப்பாளர்கள் ரோந்து இல்லாத கடற்கரை.

இந்தத் தீவு மெல்போர்னில் இருந்து சுமார் 140 கிலோமீட்டர் தொலைவில், பாலத்தால் இணைக்கப்பட்டிருக்கிறது. மாலையில் கடலில் இருந்து வரிசையாகக் கரையேறும் குட்டிப் பென்குயின்களைப் பார்க்க எல்லோரும் போகும் இடம். தீவின் வடக்குப் பக்கம் இருக்கும் கவ்ஸ் ஊரின் கடற்கரை விரிகுடாவைப் பார்த்தது. அலை குறைவு. தெற்குப் பக்கம் பாஸ் நீரிணையை நேருக்கு நேர் பார்க்கிறது. அலையும் இழுப்பும் அதிகம். ஒரே தீவு, காரில் கொஞ்ச நேரப் பயணம், ஆனால் இரண்டும் வேறு வேறு கடல். 'பிலிப் தீவில் தங்குகிறோம்' என்பது மட்டும் போதாது. எந்தப் பக்கம், எந்தக் கடற்கரை என்பதுதான் கேள்வி.

தெற்குப் பக்கத்திலேயே வூலமாய் போன்ற கடற்கரைகளில் கோடையில் உயிர்காப்பாளர்கள் ரோந்து உண்டு. அங்கேயும் இழுப்பு பலமானதுதான். ஆனால் தத்தளித்தால் பார்க்க ஆள் இருக்கிறார். வித்தியாசம் அதுதான்.

சிவப்பு மஞ்சள் கொடி சொல்வது என்ன?

ரோந்து இருக்கும் கடற்கரையில், மேலே சிவப்பும் கீழே மஞ்சளுமாக இரண்டு கொடிகள் நட்டிருப்பார்கள். அந்த இரண்டுக்கும் நடுவில் மட்டும்தான் குளிக்க வேண்டும். கொடி இல்லை என்றால் அந்த நேரத்தில் உங்களைக் கவனிக்க யாரும் இல்லை என்று அர்த்தம்.

ஒரு முக்கியமான விஷயம்: உயிர்காப்புச் சங்கம் இருக்கும் கடற்கரையிலும் நாள் முழுக்க, வருடம் முழுக்க ரோந்து இருக்காது. சில இடங்களில் சனி, ஞாயிறு, பொது விடுமுறை நாட்களில் மட்டும்தான். அதனால் நீங்கள் தங்கும் தேதியில், எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை என்று பார்க்க வேண்டும். ஆஸ்திரேலிய உயிர்காப்புச் சங்கத்தின் 'பீச்சேஃப்' இணையதளத்திலும் செயலியிலும் கடற்கரைவாரியாக இந்த விவரம் கிடைக்கும்.

'ரிப்' ஏன் ஆபத்து?

கரைக்கு வந்த அலைநீர் மீண்டும் கடலுக்குத் திரும்பும்போது குறுகிய பாதையில் வேகமாக உள்ளே ஓடும். இந்த இழுவை நீரோட்டத்தைத்தான் 'ரிப்' என்கிறார்கள். அந்த இடத்தில் ஆழம் அதிகம், அலை அதிகம் உடையாது. தண்ணீர் கொஞ்சம் கருமையாக, அமைதியாகத் தெரியும். விஷயம் தெரியாதவர்கள் 'இங்கதான் அலை கம்மி, குழந்தைகளை இறக்கலாம்' என்று அந்த இடத்தையே தேர்ந்தெடுத்துவிடுகிறார்கள்.

மெரினாவில் கால் நனைத்துப் பழகிய நமக்கு 'முழங்கால் அளவுதானே' என்று தோன்றும். ஆனால் அலை திரும்பும் வேகத்தில் காலடி மணல் அரிக்கும். நீச்சல் தெரியாதவர் நிலைதடுமாற அது போதும். ரிப்பில் மாட்டினால் கரையை நோக்கி எதிர்நீச்சல் போட்டுக் களைத்துப்போகக் கூடாது. பதற்றப்படாமல் மிதந்து, கையை உயர்த்தி உதவி கேட்க வேண்டும். உள்ளே போனவரைக் காப்பாற்ற நீச்சல் தெரியாத உறவினர்கள் அடுத்தடுத்து இறங்குவதும் கூடாது. அவசர உதவிக்கு எண் 000.

ஒரே ஒரு சாலைதான் இருக்கிறதா?

கோடைக்காலம் என்றால் அங்கே காட்டுத்தீ காலமும்தான். மெல்போர்னில் இருந்து 500 கிலோமீட்டருக்கும் மேல் தொலைவில் இருக்கும் மல்லகூட்டா, காட்டுக்கும் கடலுக்கும் நடுவில் உள்ள சிற்றூர். நெடுஞ்சாலையில் இருந்து ஊருக்குள் வர இருபது கிலோமீட்டருக்கும் மேல் காட்டு வழி. 2019 டிசம்பர் 31 அன்று காட்டுத்தீ ஊரைச் சூழ்ந்தபோது, ஊர் மக்களும் விடுமுறைக்கு வந்தவர்களுமாகச் சுமார் 4 ஆயிரம் பேர் சிக்கிக்கொண்டார்கள். சாலை அடைபட்டதால் கடற்கரையில் தஞ்சம் புகுந்தார்கள். 2020 ஜனவரி 3-ல் கடற்படைக் கப்பல் 'சூல்ஸ்' சுமார் ஆயிரம் பேரை ஏற்றிச் சென்றது.

தீ மட்டும் இல்லை, வெள்ளமும் வழியை அடைக்கும். 2011 மார்ச்சில் வில்சன்ஸ் புரோமன்டரி தேசியப் பூங்காவில் பெய்த கனமழையில் பாலம் சேதமாகி, டைடல் ரிவர் முகாமில் இருந்தவர்களை ஹெலிகாப்டரில் மீட்க வேண்டியதாயிற்று.

இதற்காக இந்த ஊர்களுக்குப் போகவே கூடாது என்று இல்லை. ஆண்டுதோறும் ஏராளமானோர் போய் நிம்மதியாகத் திரும்பும் இடங்கள்தான் இவை. ஆனால் வரைபடத்தில் பார்க்கை மட்டும் பார்க்காமல் வெளியேறும் வழியையும் பாருங்கள். விக்டோரியாவில் 'விக்எமர்ஜென்சி' செயலி எச்சரிக்கைகளைத் தருகிறது. தீ அபாய நிலை 2022 செப்டம்பர் முதல் நாடு முழுக்க மிதம், அதிகம், தீவிரம், பேரழிவு என 4 படிகளாக அறிவிக்கப்படுகிறது. 'பேரழிவு' என்று வந்தால் புகை தெரியும்வரை காத்திருக்காமல் முன்கூட்டியே கிளம்பிவிட வேண்டும். கட்டிய பணம் போகட்டும்.

எந்த சைட் யாருக்கு?

பார்க்கை முடிவு செய்த பிறகு வருவதுதான் சைட் தேர்வு.

• மின் இணைப்பு இல்லாத சைட்: கூடாரம் போடுபவர்களுக்கு. வாடகை குறைவு.

• மின் இணைப்பு உள்ள சைட்: கேரவன், மோட்டார்ஹோமுக்கு. இங்கே இருப்பது 15 ஆம்பியர் பிளக் பாயின்ட். வீட்டில் பயன்படுத்தும் 10 ஆம்பியர் எக்ஸ்டென்ஷன் ஒயரை வைத்து ஒப்பேற்றக் கூடாது.

• தனிக் குளியலறை உள்ள சைட்: சைட்டை ஒட்டியே உங்களுக்கு மட்டுமான குளியலறை, கழிப்பறை. வாடகை கொஞ்சம் கூடும்.

• கேபின்: படுக்கை, சிறிய சமையலறை, பல கேபின்களில் உள்ளேயே கழிப்பறை. போர்வை, துண்டு தருகிறார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள். பல இடங்களில் நாமே கொண்டுபோக வேண்டியிருக்கும்.

அம்மா, அப்பா கூட வருகிறார்கள் என்றால் இதை யோசியுங்கள்: ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து, குளிரில், இருட்டில், பொதுக் கழிப்பறை வரை அவர்கள் நடக்க வேண்டும். மூட்டுவலி இருப்பவர்களுக்கும் சர்க்கரை நோயாளிகளுக்கும் இது பெரிய சிரமம். இந்தக் குடும்பங்களுக்குக் கடல் பார்த்த கூடார சைட்டைவிட, பின்வரிசையில் கழிப்பறையோடு இருக்கும் கேபினே மேல்.

முன்வரிசை சைட் எப்போதும் நல்லதா?

போட்டோவில் முன்வரிசை அழகு. ஆனால் தென்கடற்கரையில் தென்மேற்குக் காற்று பலமாக வீசும். முன்வரிசைக் கூடாரம் ராத்திரி முழுக்கப் படபடக்கும். மணல்மேட்டுக்குப் பின்னால், புதர் மறைவில் இருக்கும் சைட்டில்தான் நிம்மதியாகத் தூங்க முடியும்.

ஓடையை ஒட்டிய தாழ்வான சைட்டுக்கு மழை வந்தால் ஆபத்து. பெரிய யூகலிப்டஸ் மரத்துக்கு நேர் கீழே கூடாரம் போடக் கூடாது. காற்று இல்லாத நாளிலும் அதன் கிளைகள் திடீரென முறிந்து விழுவதுண்டு. பல பார்க்குகள் சைட் எண்களோடு வரைபடத்தை இணையதளத்தில் போட்டிருக்கும். அதைப் பார்த்து எண்ணைக் குறிப்பிட்டே கேட்கலாம்.

சமையல், சத்தம், சட்டதிட்டம்

பொதுச் சமையலறையில் அடுப்பு, சிங்க், பார்பிக்யூ தட்டு இருக்கும். பாத்திரம் நம்முடையது. பார்பிக்யூ தட்டில் எல்லோரும் இறைச்சி சுடுவார்கள் என்பதால் சைவம் சாப்பிடுபவர்கள் சொந்தத் தோசைக்கல் எடுத்துப் போவது நல்லது. முழுத் தீத் தடை அறிவிக்கும் நாட்களில் விறகு, கரி மூட்டவே கூடாது. கேஸ் அடுப்புக்கும் நிபந்தனைகள் உண்டு. அன்றைக்கு எது அனுமதி என்று அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

இரவு சுமார் 10 மணிக்கு மேல் சத்தம் கூடாது என்பது அநேகமாக எல்லா பார்க்கிலும் விதி. பக்கத்து ஊரில் இருந்து நண்பர்கள் குடும்பம் பார்க்க வந்தால் சில இடங்களில் முன்கூட்டியே சொல்ல வேண்டும், கட்டணமும் இருக்கலாம்.

எப்போது போகலாம்?

கிறிஸ்துமஸ் முதல் ஜனவரி 26 ஆஸ்திரேலிய தினம் வரையும், ஈஸ்டர் சமயத்திலும் வாடகை உச்சம். ஒரு வருடம் முன்பே இடம் முடிந்துவிடும் பார்க்குகள் உண்டு. டைடல் ரிவரில் கோடை உச்ச நாட்களுக்குக் குலுக்கல் முறையில் இடம் தருகிறார்கள். இந்த சீசனில் குறைந்தது இத்தனை நாள் தங்கியாக வேண்டும் என்ற நிபந்தனையும் இருக்கும். ரத்து செய்தால் எவ்வளவு பணம் திரும்ப வரும் என்பதைக் கட்டணம் கட்டும் முன் படித்துவிடுங்கள்.

தேதியை மாற்ற முடிந்தால் பிப்ரவரி பிற்பகுதி, மார்ச் நல்ல சாய்ஸ். பள்ளிகள் திறந்திருக்கும், கூட்டமும் வாடகையும் குறையும், கடல் நீரில் வெதுவெதுப்பு இருக்கும். ஆனால் அந்த மாதங்களில் வார நாட்களில் ரோந்து இல்லாமல் போகலாம்.

குயின்ஸ்லாந்தின் வடக்குக் கடற்கரை என்றால் கணக்கே தலைகீழ். அங்கே நவம்பர் முதல் மே வரை உயிருக்கே ஆபத்தான ஜெல்லி மீன் காலம். புயல் காலமும் ஏறக்குறைய அதே மாதங்கள்தான். உப்புநீர் முதலைகள் வருடம் முழுக்க உண்டு. அந்தப் பக்கம் போக ஜூன் முதல் ஆகஸ்ட் வரை ஏற்ற காலம்.

புக் பண்ணும் முன் போனில் கேட்க வேண்டிய 7 கேள்விகள்

1. பார்க்குக்குப் பக்கத்தில் ரோந்து உள்ள கடற்கரை எது? நாங்கள் தங்கும் தேதிகளில் ரோந்து நேரம் என்ன?

2. சிறு குழந்தைகள் குளிக்க அலை குறைந்த இடம் அருகில் உண்டா?

3. தீ, வெள்ளம் வந்தால் எங்கே போகச் சொல்வீர்கள்? வெளியேற எத்தனை சாலை?

4. எங்கள் சைட்டில் இருந்து கழிப்பறை எவ்வளவு தூரம்? இரவில் விளக்கு இருக்குமா?

5. சைட் தாழ்வான இடத்திலோ மரத்தடியிலோ இருக்கிறதா?

6. செல்போன் சிக்னல் கிடைக்குமா, எந்த நிறுவனத்தின் சேவை?

7. ரத்து செய்தால் பணம் எவ்வளவு திரும்ப வரும்?

முதல் கேள்விக்கு உருப்படியான பதில் வரவில்லை என்றால், மற்ற ஆறுக்கும் நல்ல பதில் வந்தாலும் வேறு பார்க்கைப் பாருங்கள். நீச்சல் தெரியாதவர்கள் இருக்கும் குடும்பத்துக்கு, அறையில் இருந்து கடல் தெரிவதைவிட, கடலில் இறங்கும் இடத்தில் கொடி தெரிவதுதான் முக்கியம்.