ஒரு நாள் கமராவும் ஒரு காரியாலயமும்

தொலைக்காட்சித் தொடர் ஒன்றைத் தொடங்குமுன் மாதிரிப் படமொன்றை எடுத்துப் பார்ப்பது அத்துறையின் வழக்கம். 'பைலட்' என்று அதனை அழைப்பர். பெருந்தொகை செலவிட்டு எடுக்கப்பட்ட பைலட்டுகள் பல பெட்டிக்குள்ளேயே உறங்கிவிட்டன. ஆனால் 1998 இல் பிரித்தானியாவில் பயிலுநர் ஒருவர் ஒரே நாளில் எடுத்த குறும்படமொன்று, உலகின் பல நாடுகளில் மறுபிறவி எடுத்த 'த ஒஃபிஸ்' தொடருக்கு வித்தானது.

அந்தப் பயிலுநர் ஸ்டீபன் மேர்ச்சண்ட். லண்டனின் எக்ஸ்.எஃப்.எம். வானொலியில் ரிக்கி ஜெர்வேஸின் உதவியாளராகப் பணியாற்றியவர். பி.பி.சி.யின் தயாரிப்புப் பயிற்சியில் சேர்ந்தபோது, ஒரு நாளைக்குப் படப்பிடிப்புக் குழுவொன்று அவருக்குக் கிடைத்தது. நண்பர்களைச் சிரிக்கவைக்க ஜெர்வேஸ் நடித்துக் காட்டிவந்த அசட்டு மேலதிகாரிப் பாத்திரத்தையே அவர் படமாக்கினார். ஜெர்வேஸ் முன்னர் லண்டன் பல்கலைக்கழக மாணவர் ஒன்றியத்தில் பணிபுரிந்தவர். காரியாலய வாழ்க்கையை உள்ளிருந்து கண்டவர்.

ஒளியமைப்பைத் திருத்தித் திருத்திக் காட்சிகளை எடுக்க ஒரு நாள் போதாது. எனவே ஆவணப்படம் போலக் கமராவைக் கையில் ஏந்திக்கொண்டு எடுத்தார்கள். பற்றாக்குறையால் நேர்ந்த இந்த ஏற்பாடே தொடரின் உயிராகியது. அக்காலப் பிரித்தானியத் தொலைக்காட்சியில் சாதாரண மனிதரின் அன்றாடத்தைப் பின்தொடரும் நிகழ்ச்சிகள் பெருகியிருந்தன. 1997 இல் ஒளிபரப்பான 'டிரைவிங் ஸ்கூல்' நிகழ்ச்சியால், வாகனம் ஓட்டப் பழகத் தடுமாறிய பெண்ணொருவர் நாடறிந்தவரானார். ஸ்லவ் நகரின் கடதாசி விற்பனை நிறுவனமொன்றில் முகாமையாளராக இருக்கும் டேவிட் பிரென்டும் தமக்கு அத்தகைய புகழ் வரும் என்று நம்புகிறார். கமரா இல்லாவிடின் அவர் வெறும் தொல்லை தரும் அதிகாரி. கமராவின் முன்னாலோ, அனைவரும் தம்மை நேசிக்கவேண்டுமென ஏங்கும் பரிதாபத்துக்குரிய மனிதர்.

இத்தொடரின் நகைச்சுவை எவருக்கும் மரியாதை வைப்பதில்லை. இனம், உடற்குறைபாடு, பெண்கள் என எதைப்பற்றியும் பிரென்ட் வாய்திறந்து அகப்பட்டுக்கொள்வார். ஆயினும் அம்பு பாய்வது பேசியவர் மீதே. முதல் அத்தியாயத்தில், வரவேற்பாளரான டோன் என்னும் பெண்ணைப் புதிய ஊழியரின் முன்னிலையில் அழைத்து, ஒட்டுக் குறிப்புத் தாள்களைத் திருடியதாகக் குற்றஞ்சாட்டி வேலையிலிருந்து நீக்குவதாக அறிவிக்கிறார். அவள் அழுகிறாள். பின்னர், அது விளையாட்டு என்கிறார்! அதே அத்தியாயத்தில்தான் ஸ்லவ், சுவின்டன் கிளைகளுள் ஒன்று மூடப்படலாம் என்ற செய்தியும் வருகிறது. வேலை பறிபோகும் அச்சத்தில் வாழ்பவர்களிடம் அவ்வேலையை வைத்தே வேடிக்கை செய்பவனை நாம் எல்லோரும் எங்கேனும் சந்தித்திருக்கிறோம். சிரிப்பு தொண்டையில் சிக்குவது அதனாலேயே. எங்கே சிரிக்கவேண்டும் என்று சொல்லித்தரும் பின்னணிச் சிரிப்பொலியும் இதில் இல்லை.

2001 ஜூலை 9 இல் பி.பி.சி.யின் இரண்டாம் அலைவரிசையில் தொடர் ஆரம்பமானது. தொடக்கத்தில் பெரிய வரவேற்பு இல்லை. பார்த்தவர் பிறருக்குச் சொல்ல, மறு ஒளிபரப்புகளாலும் டி.வி.டி.யாலும் அதன் புகழ் பரவியது. 2003 நத்தார் சிறப்பு நிகழ்ச்சிகள் இரண்டுடன், மொத்தம் 14 அத்தியாயங்களோடு நிறுத்திக்கொண்டார்கள். 2004 ஜனவரியில் கோல்டன் குளோப் விருதுகள் இரண்டு கிடைத்தன. 2005 முதல் 2013 வரை ஒளிபரப்பான அமெரிக்க வடிவமோ 201 அத்தியாயங்கள் ஓடியது. பிரான்ஸ், சிலி, இஸ்ரேல் ஆகிய நாடுகளும் தத்தமது மொழியில் இதனை எடுத்தன. 2019 இல் ஹிந்தி வடிவமும் வந்தது. எந்த நாட்டிலும் அந்த மேலதிகாரியை அடையாளங்காண மக்களுக்குச் சிரமம் இருக்கவில்லை.

2025 இல் வெளியான 'த பேப்பர்' என்ற அமெரிக்கத் தொடரில், அதே கற்பனை ஆவணப்படக் குழு ஒஹாயோ மாநிலத்தில் நலிந்துவரும் நாளிதழ் ஒன்றுக்குள் நுழைகிறது. கடதாசி விற்ற காரியாலயத்திலிருந்து, அக்கடதாசியில் அச்சேறும் பத்திரிகைக்கு! ஆட்குறைப்பின் நிழலில் செய்தி எழுதிய எம்போன்றோர் அந்தக் காரியாலயத்தைப் பார்த்து முழுமனதோடு சிரிப்பது எளிதன்று.

இத்தனைக்கும் முதலீடாக அமைந்தது, ஒரு பொது ஒலி, ஒளிபரப்பு நிறுவனம் பெயரறியாத பயிலுநர் ஒருவரை நம்பிக் கமராவைக் கையளித்த ஒரு நாள்தான். ஆட்குறைப்பு வரும்போது வரவு செலவுக் கணக்கில் முதலில் வெட்டப்படுவதும் பெரும்பாலும் அத்தகைய பயிற்சிகளே.