பத்து கிராம் இழை

சர்க்கரை நோயாளிகளின் பாதத்தைச் சோதிக்கும் மேஜையில் பேனா அளவு கைப்பிடி ஒன்று இருக்கும். அதன் முனையில், தூண்டில் நரம்பை வெட்டிச் செருகினாற்போல, ஒரு நைலான் துண்டு நீட்டிக்கொண்டிருக்கும். மோனோஃபிலமென்ட் என்று பெயர். மின்சாரம் வேண்டாம், திரை கிடையாது. ஆனாலும் காலின் நரம்பு கெட்டிருக்கிறதா என்று பார்க்க மருத்துவர் கை முதலில் போவது பெரும்பாலும் இதன் மேல்தான்.

இதன் மூதாதை நிஜமான முடி. 1890-களில் ஜெர்மனியின் லைப்சிக் நகரில் மாக்ஸ் ஃபான் ஃப்ரை என்ற உடலியல் அறிஞர், குதிரை முடியும் மனித முடியுமாகத் தடிமன் வாரியாகப் பொறுக்கி, குச்சி முனையில் ஒட்டித் தோலில் ஊன்றிப் பார்த்தார். ஊன்றிய முடி ஓர் அளவு வரை நிமிர்ந்து நிற்கும். அதற்கு மேல் அழுத்தினால் வளைந்துவிடும். வளைந்த பிறகு எவ்வளவு அழுத்தினாலும் தோலில் இறங்கும் விசை பெரிதாகக் கூடாது. அதனால் முரட்டுக் கை, மென்மையான கை என்ற வித்தியாசம் அடிபட்டுப் போகிறது. தொடுதலை உணரும் புள்ளிகள் வேறு, வலியை உணரும் புள்ளிகள் வேறு என்று ஃபான் ஃப்ரை வாதிட்டது இந்த முடிகளை வைத்துத்தான்.

முடி ஈரக்காற்றில் தளர்ந்துவிடும். நைலான் வந்தபின் அந்தத் தொல்லை குறைந்தது. அமெரிக்காவில் ஜோசஃபின் செம்ஸ், சிட்னி வைன்ஸ்டைன் முதலானோர், மூளையில் காயம்பட்ட முன்னாள் படைவீரர்களின் தொடு உணர்வை அளக்க நைலான் இழைகளைப் பயன்படுத்தி 1960-இல் நூலாக வெளியிட்டார்கள். இழைகளுக்கு இன்றும் அவர்கள் பெயர்தான்.

அடுத்த கட்டத்தில் வேலூருக்கும் பங்கு உண்டு. 1946-இல் அங்குள்ள கிறித்துவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த அறுவை மருத்துவர் பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் விரல்கள் தாமாக அழுகி விழுவதில்லை, வலி தெரியாததால் ஏற்படும் காயங்களே அவற்றைத் தின்கின்றன என்று எடுத்துக்காட்டினார். பிறகு அமெரிக்காவின் கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குப் போனார். அங்கேதான் பர்க், சிம்ஸ் என்ற இருவர் இழைகளால் பாதங்களைச் சோதித்து, 1986-இல் ஓர் எல்லைக்கோட்டைப் போட்டார்கள். 5.07 என்று எண்ணிட்ட, ஏறக்குறைய 10 கிராம் விசையில் வளையும் இழையை உணர முடிந்தால் பாதம் தன்னைக் காத்துக்கொள்ளும். முடியாவிட்டால் புண்ணுக்கு வழி திறந்துவிட்டது. தொழுநோய்க்காரர்களிடம் கற்ற பாடம் சர்க்கரைக்காரர்களுக்குப் போய்ச் சேர்ந்தது.

சோதிக்கும் முறையில் ஒரு நேர்மை வேண்டும். “கண்ண மூடிக்கோங்கம்மா, தொட்டா சொல்லுங்க” என்று முதலில் கையில் தொட்டுக் காட்டிவிட்டு, பெருவிரலின் அடி, முன்பாதத்தின் மேடுகள் என்று காய்ப்பில்லாத இடங்களில் இழையைச் செங்குத்தாக ஊன்றி, வளைந்ததும் ஒன்றிரண்டு விநாடியில் எடுக்க வேண்டும். “இப்ப தெரியுதா?” என்று ஒவ்வொரு தடவையும் கேட்டால் மரியாதைக்காகவே “தெரியுது” என்பார்கள். அதனால் தாளம் போல ஒரே சீராகத் தொடக் கூடாது. நைலானும் களைத்துப்போகும். பத்துப் பேருக்குப் பயன்படுத்திய இழைக்கு ஒரு நாள் ஓய்வு கொடுப்பது நல்லது.

இனிதான் சிக்கல். இழையை உணராத அதே பாதம் ராத்திரி எரிகிறது, கரன்ட் அடிக்கிறது, போர்வை பட்டாலே பொறுக்கவில்லை என்கிறார்கள். மரத்த கால் எப்படி வலிக்கும் என்று வீட்டில் நம்புவதில்லை. ஆனால் கெட்ட நரம்பு வெளிச்செய்தியைக் கடத்தத் தவறுவதோடு நிற்பதில்லை, தானாகவும் செய்தி அனுப்புகிறது. இதற்கு நேர்மாறும் நடக்கும். தொடுதலைத் தடித்த நரம்பிழைகள் கடத்துகின்றன. சூடும் எரிவலியும் பெரும்பாலும் மெல்லிய இழைகளின் வேலை. மெல்லியவை மட்டும் கெட்டிருந்தால் நைலான் ஒவ்வொரு தடவையும் தெரியும், எரிச்சலும் இருக்கும். ‘டெஸ்ட் நார்மல்’ என்று அவரைத் திருப்பி அனுப்புவது அநியாயம்.

அதனால்தான் பிரெஞ்சு மருத்துவர்கள் 2005-இல் வெளியிட்ட டிஎன்4 என்ற பத்து அம்சப் பட்டியலில் ஏழு, நோயாளியைக் கேட்டு அறிபவை: எரிகிறதா, குளிர்ந்து வலிக்கிறதா, ஊசி குத்துகிறதா, அரிக்கிறதா என்று. மீதி மூன்றுக்குத்தான் தொட்டும் குத்தியும் வருடியும் பார்க்க வேண்டும். நான்கு ‘ஆம்’ வந்தால் நரம்பு வலியாக இருக்க வாய்ப்பு அதிகம்.

இந்த வலிக்குப் பாராசிட்டமால் அவ்வளவாகக் கேட்காது. அமிட்ரிப்டிலின், டியூலாக்செட்டின், கபாபென்டின், பிரிகாபலின் என்று வேறு குடும்பத்து மருந்துகள் வேண்டும். முதல் இரண்டும் மனச்சோர்வுக்குக் கொடுப்பவை. மருந்துக்கடையில் யாராவது அதைச் சொல்லிவைக்க, “எனக்கு என்ன பைத்தியமா?” என்று மாத்திரையைத் தூக்கிப்போடுகிறவர்கள் உண்டு. மூளையிலிருந்து தண்டுவடத்துக்கு இறங்கி வலியைத் தணிக்கும் பாதைகளுக்கு இவை வலுவூட்டுகின்றன என்று முதல் நாளே சொல்லிவிட்டால் பாதிச் சண்டை மிச்சம். குறைந்த அளவில் தொடங்கி மெல்ல ஏற்றி, சில வாரம் பொறுக்க வேண்டும். வலி பாதியானாலே நல்ல பலன்.

பாதியானதும் ஆபத்து வேறு பக்கத்திலிருந்து வருகிறது. எரிச்சல் அடங்கியவர் நரம்பு தேறிவிட்டதாக நினைத்து வெறுங்காலோடு வாசலுக்கு இறங்குகிறார். மாத்திரை வலியைக் குறைக்குமே தவிர, போன உணர்ச்சியைத் திருப்பித் தராது. வலிக்கு மருந்து எழுதும்போதே பாதத்தைத் தினமும் பார்க்கச் சொல்ல வேண்டும். வலி நின்றுவிட்டது என்பதற்காக அடுத்த வருடத்து இழைச் சோதனையை விட்டுவிடவும் கூடாது.