விதையின் கட்டுச்சோறு

முளைவிட்ட தேங்காயை உடைத்து, அதனுள்ளே வெண்பஞ்சு போலத் திரண்டிருக்கும் பூவைத் தோண்டித் தின்னாத சிறுவர் நம் நாட்டில் அரியர். ஆனால் அந்தப் பூ உண்மையில் பூவன்று. தென்னம்பிள்ளையின் வித்திலையே கூட்டுக்குள் பருத்து வளர்ந்து, சுற்றிலுமுள்ள பருப்பைக் கரைத்து உறிஞ்சி, வெளியே தலைகாட்டிய குருத்துக்கும் வேருக்கும் ஊட்டிக்கொண்டிருக்கும் உறுப்பே அது. தாய்மரம் தன் சந்ததியைப் பிரித்தனுப்பும்போது கட்டிக் கொடுக்கும் இந்தக் கட்டுச்சோறு எதனாலானது, எத்தனை நாளைக்கு வரும், மிகுதியாகக் கட்டிக்கொண்டு புறப்பட்ட பிள்ளைதான் பிழைக்குமா என்னும் கேள்விகள் ஒரே காலத்தில் எழுந்தவையல்ல. முதற் கேள்விக்கும் கடைசிக் கேள்விக்கும் இடையே இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்ட தூரம் இருக்கிறது.

கிரேக்க ஞானி எம்பிடாக்ளீஸ், மரங்கள் முட்டையிடுகின்றன என்று பாடியதை எடுத்துக்காட்டிய அரிஸ்டாட்டில், முட்டையின் ஒரு பகுதி குஞ்சாக உருவெடுக்க மற்றப் பகுதி அதற்கு ஆகாரமாவது போலவே, விதையிலும் ஒரு பகுதி செடியாகிறது, எஞ்சியது முதற் குருத்துக்கும் முதல் வேருக்கும் உணவாகிறது என்று கி.மு. 4ஆம் நூற்றாண்டிலேயே எழுதிவைத்தார். கண்ணால் கண்டதை உவமையால் விளங்கிக்கொண்ட இந்தக் கருத்தைக் கையால் சோதித்துப் பார்க்க வேண்டுமென்ற எண்ணம் உதிக்க 17ஆம் நூற்றாண்டு வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. 1672இல் இங்கிலாந்தின் நெஹமையா குரூ ஓர் அவரை விதையைப் பிளந்து அதன் பாகங்களை விவரிப்பதிலிருந்தே தம் தாவர உடற்கூற்று ஆராய்ச்சியைத் தொடங்கினார். அவர் காலத்தவரும் இத்தாலியின் பொலோன்யா நகரத்தவருமான மார்செல்லோ மால்பீகி, முளைத்துவரும் நாற்றுகளின் வித்திலைகளைக் கிள்ளியெடுத்துவிட்டு வளர்த்துப் பார்த்தார், அவை தேறவில்லை. லண்டன் ராயல் சொசைட்டி 1675இலும் 1679இலும் வெளியிட்ட அவருடைய கிரந்தத்தில் எத்தனையோ நுட்பமான சித்திரங்கள் உள்ளன. எனினும், நகத்தால் கிள்ளி நடத்திய அந்த எளிய பரிசோதனையே இத்துறையின் அஸ்திவாரம் என்பது என் துணிபு.

கெட்டியான மாவும் எண்ணெயும் எவ்விதம் குருத்தின் உடம்பாக மாறுகின்றன என்பதை விளக்கியது 19ஆம் நூற்றாண்டின் ரசாயனம். முளைகட்டிய வாற்கோதுமையிலிருந்து மாவைச் சர்க்கரையாக்கும் டயஸ்டேஸ் என்னும் பொருளை 1833இல் பாயென், பெர்சோ என்ற பிரெஞ்சுக்காரர் இருவர் பிரித்தெடுத்தனர். தானியத்தின் மேலுறைக்கடியில் உள்ள மெல்லிய படலமே அதைச் சுரக்கிறது என்பதை 1890இல் ஹேபர்லாண்ட் நிலைநாட்டினார்.

ஆனால் கட்டுச்சோற்றின் அருமையை முழுமையாக உணர்த்தியது, அது சிறிதும் இல்லாத ஒரு விதை. ஆர்க்கிட் இனத்தின் விதை தூசிக்கு நிகரானது. ஒரு கிராமின் பத்து லட்சத்தில் ஒரு பங்கே எடையுள்ளவையும் அவற்றில் உண்டு. தோட்டக்காரர்கள் எவ்வளவு பக்குவமாக விதைத்தும் அவை முளைக்காமற் போனதன் மர்மத்தை 1899இல் நோயல் பெர்னார் என்னும் பிரெஞ்சு இளைஞர் அவிழ்த்தார். மண்ணிலுள்ள பூஞ்சணம் ஒன்று விதைக்குள் புகுந்த பின்னரே அது வளரத் தொடங்குகிறது என்று அவர் கண்டார். 1922இல் அமெரிக்காவின் லூயிஸ் நட்ஸன், பூஞ்சணமே இல்லாத கண்ணாடிக் குப்பியில் சர்க்கரை கலந்த கூழில் அவ்விதைகளை முளைக்கவைத்து, பூஞ்சணத்தின் உதவிக்குச் சர்க்கரை ஈடுகொடுக்கும் என்று காட்டினார். தாய் கொடுக்காத சோற்றை அயலார் கொடுத்தாலும் பிள்ளை பிழைக்கும் என்ற அந்த உண்மையில் எனக்கு இன்றும் ஆச்சரியம் தீரவில்லை.

இவ்வளவும் ஒற்றை விதையைப் பற்றிய ஞானம். சாதிக்குச் சாதி விதையின் பருமன் வேறுபடுவதேன் என்ற கேள்வியைப் பரந்த அளவில் எடுத்துக்கொண்டவர் எட்வர்ட் சாலிஸ்பரி. பிரிட்டிஷ் தாவரங்களின் விதைகளை நிறுத்து, அவை வாழும் இடத்தோடு ஒப்பிட்டு 1942இல் அவர் வெளியிட்ட நூலில், திறந்த வெளிச் செடிகளின் விதைகளைவிட வன நிழலில் முளைக்கும் செடிகளின் விதைகள் பொதுவாகக் கனமானவை என்ற முடிபு வெளிப்பட்டது. வெளிச்சம் கிட்டாத நாற்று தன் இலையால் சம்பாதிப்பது சொற்பம். கையிருப்பே அதன் ஆயுள். 1965இல் கிரைம், ஜெஃப்ரி என்ற இருவரும் மர நாற்றுகளை நிழலில் வளர்த்து, கையிருப்பு மிகுந்த இனங்களில் சாவு குறைவு என்று பரிசோதனையாலும் காட்டினர். 1972இல் பேக்கர் கலிபோர்னியத் தாவரங்களை ஆராய்ந்து, வறண்ட இடங்களில் விதைகள் கனமாயிருக்கும் போக்கை எடுத்துரைத்தார்.

இதைப் படிக்கும்போது நமக்குப் பனையின் நினைவு வராமற்போகாது. பாத்தியில் அடுக்கிய பனங்கொட்டையிலிருந்து புறப்படும் வித்திலைக் காம்பு கருவைச் சுமந்துகொண்டு முதலில் கீழ்நோக்கியே செல்கிறது. கொட்டைக்குள் இருந்த ஆகாரத்தைத் தவுண் என்றும் பூரான் என்றும் நாம் உண்ணும் பகுதி உறிஞ்சி அனுப்ப, மண்ணுக்கடியில் அது கிழங்காகத் திரளுகிறது. வெயில் தகிக்கும் மேல்மண்ணைவிட்டு, ஈரமுள்ள ஆழத்துக்குச் சோற்று மூட்டையையே இடம் மாற்றிக்கொள்ளும் இந்த உபாயத்துக்கு இணையாக ஒன்றை நான் அறியேன்.

அப்படியானால் பெரிய விதையே சிறந்ததா? இங்கேதான் ஆஸ்திரேலியாவின் ஜே. என். பிளாக் 1950களில் ஒருவகைத் தீவனக் குளோவர்ச் செடியில் நடத்திய ஆராய்ச்சி நின்று கவனிக்கத்தக்கது. ஒரே ரகத்தின் பெரு விதைகளைத் தனியாகவும் சிறு விதைகளைத் தனியாகவும் நெருக்கி விதைத்தபோது, தொடக்கத்தில் பின்தங்கிய சிறு விதைப் பயிர் காலக்கிரமத்தில் மற்றதை எட்டிப் பிடித்தது. இரண்டையும் கலந்து விதைத்தபோதோ, அகன்ற வித்திலைகளோடு முந்திக்கொண்ட நாற்றுகள் வெளிச்சத்தை மறைத்துவிட, சிறு விதை நாற்றுகள் நசிந்தன. ஆகவே கையிருப்பின் பலன், பக்கத்தில் நிற்பவனின் கையிருப்பையும் பொறுத்தது. 1974இல் ஸ்மித், ஃப்ரெட்வெல் என்போர், தாய்க்குள்ள சக்தி ஓர் அளவினதே ஆதலால் ஒவ்வொரு விதையையும் பெருக்கினால் எண்ணிக்கை குறையும் என்பதைக் கணிதமாக வகுத்தனர். பெருவிதை நாற்றுகள் இளமையில் பெறும் அனுகூலம், சிறுவிதைச் செடிகளின் எண்ணிக்கைப் பெருக்கத்தை ஈடுசெய்யப் போதாது என்று, பல ஆராய்ச்சிகளைத் தொகுத்து 2004இல் மோல்ஸும் வெஸ்டபியும் முடிவு கூறினர். சீஷெல்ஸ் தீவின் இரட்டைத் தேங்காயும், தூசியான ஆர்க்கிட் விதையும் ஒரே உலகில் வாழ்வது அதனால்தான்.

காட்டில் சிறு விதைக்கும் இடமுண்டு. ஆனால் வயலில் பொக்கும் கருக்காயும் மணியும் கலந்து விதைப்பவன், பிளாக்கின் கலப்புப் பாத்தியைத் தானே உண்டாக்கிக்கொள்கிறான். ஜப்பானில் யோகோய் என்ற வேளாண் அறிஞர் 1882இல் வகுத்த உப்புநீர்த் தேர்வு, நம் உழவர்க்கும் முட்டைச் சோதனையாகப் பழக்கமானதே. நாற்றங்காலுக்கு விதை விடுமுன் ஒரு கோழிமுட்டை மிதக்குமளவு தண்ணீரில் உப்பைக் கரையுங்கள். நெல்லைக் கொட்டி, மிதப்பதை அரித்து நீக்குங்கள். அமிழ்ந்த மணிகளை நல்ல நீரில் இரண்டு மூன்று முறை அலசி, அவற்றை மட்டும் விதையுங்கள்.